நான்கு முறை பிடித்த இன்ஜின்: வீட்டு போர்டிகோவில் ஓர் ஆர்எக்ஸ் 100

மாமா 1994-ல் புதிதாக வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100 அது. 2009-ல் நான்காவது முறையாக இன்ஜின் பிடித்துக்கொண்டபோது (பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி நின்றுவிடுவது) லால்குடி வீட்டின் மாட்டுக்கொட்டகைச் சாய்ப்பில் தள்ளி நிறுத்தினார். அப்புறம் அதைத் தொடவே இல்லை. 14 வருடம் கழித்து, 2023 ஜனவரியில், ஒரு குட்டியானையில் ஏற்றித் திருச்சியில் என் வீட்டு போர்டிகோவுக்குக் கொண்டுவந்தேன். அக்டோபரில் வண்டி ஓடியது. இடையில் நடந்ததை என் தவறுகளோடு சேர்த்து முழுதாக எழுதி வைக்கிறேன்.

பழைய வண்டியை மீட்டவர்கள் காட்டும் படங்களில் பெயின்ட் தெரியும், கிரோம் தெரியும். அந்த வண்டி எதற்காக ஓரங்கட்டப்பட்டது என்பது பெரும்பாலும் தெரியாது. எனக்கு அதுதான் முதல் கேள்வியாக இருந்தது. நன்றாக ஓடுகிற ஆர்எக்ஸை யாரும் மாட்டுக்கொட்டகையில் விடமாட்டார்கள்.

வண்டியைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 1985-ல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவோடு சேர்ந்து இந்தியாவில் இறக்கிய, பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும் டூ ஸ்ட்ரோக் வண்டி. தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து பாகங்களாக வந்து இங்கே பூட்டப்பட்டது. 98 சிசி, 11 குதிரைத்திறன், நான்கு கியர், எடை நூறு கிலோவுக்குச் சற்று மேல். அந்த எடைக்கு அந்தச் சக்தி என்பதுதான் அதன் பெயருக்குக் காரணம். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது, 1996-ல் உற்பத்தி நின்றது.

முதலில் கேட்டது மாமாவிடம்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவோடு உட்கார்ந்து, வண்டி எப்போதெல்லாம் நின்றது என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். 1999, 2004, 2007, 2009. நான்கு முறையும் சென்னை சாலையில்தான். சமயபுரம் தாண்டி சிறுகனூருக்கும் பாடாலூருக்கும் நடுவே எங்கேயாவது. ஊருக்குள் ஓட்டும்போது ஒருநாளும் பிடித்ததில்லை. முதல் மூன்று முறையும் மெக்கானிக் போர் பண்ணி (சிலிண்டரைச் சற்று அகலமாகக் கடைந்து), புது பிஸ்டன் போட்டுக் கொடுத்திருக்கிறார். நான்காவது முறை மாமாவுக்கு மனசு விட்டுப்போயிற்று.

பேச்சுவாக்கில் அவர் சொன்ன இன்னொன்றை அன்றைக்கு நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

"ரேஸ் குதிரை மாப்ள அது. ஆக்சிலேட்டர விட்டாலும் ஒடனே எறங்காது. கொஞ்ச நேரம் கத்திட்டுத்தான் அடங்கும். ஆர்எக்ஸ்னாலே அப்படித்தான்."

அவர் பெருமையாகச் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதினேன். அந்த ஒரு வரிதான் இந்த வண்டியின் நோய் என்று புரிய எனக்கு மூன்று வாரம் ஆனது.

நீண்ட நாள் நின்ற இன்ஜினை எடுத்தவுடன் உதைக்கக் கூடாது. சிலிண்டருக்குள் துரு இருந்தால் ரிங் உடையும். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக டூ ஸ்ட்ரோக்குக்கான 2டி ஆயிலை இரண்டு மூடி விட்டு ஒருநாள் ஊறவிட்டேன். மறுநாள் கிக்கரைக் காலால் மிதிக்காமல் கையால் மெல்ல அழுத்தினேன். முதலில் அசையவில்லை. கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்ட, ஒரு சின்ன 'டக்' சத்தத்தோடு விடுபட்டது. கார்புரேட்டரைக் கழுவி, டேங்க்குக்குப் பதில் ஒரு பாட்டிலில் ஆயில் கலந்த பெட்ரோலைத் தொங்கவிட்டு உதைத்தேன். ஏழாவது உதையில் எடுத்தது. போர்டிகோ முழுக்கப் புகை. அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து பார்த்தார்.

சந்தோஷம் ஒரு நிமிடம்தான். ஆக்சிலேட்டரைக் கொடுத்து, பிறகு விட்டேன். சத்தம் இறங்கவில்லை. இரண்டு நொடி, மூன்று நொடி கத்திக்கொண்டே இருந்து, பிறகு அரைமனதாக இறங்கியது. கேபிள் சிக்கியிருக்கும் என்று பார்த்தேன், தாராளமாக ஓடியது. கார்புரேட்டர் ஸ்லைடு முழுதாகக் கீழே இறங்கியது. உடனே சாவியைத் திருப்பி அணைத்தேன்.

பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் டூ ஸ்ட்ரோக் இப்படித்தான் கத்தும். கேள்வி, அந்தக் கூடுதல் காற்று எங்கிருந்து வருகிறது என்பதே.

அத்தையின் பிபி மெஷின்

டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் கலந்த காற்று நேராக மேலே போகாது. பிஸ்டன் மேலே ஏறும்போது முதலில் கீழே கிராங்க் தண்டு சுழலும் அறையான கிராங்க் கேஸுக்குள் உறிஞ்சப்படும். பிஸ்டன் இறங்கும்போது அங்கே அழுத்தப்பட்டு, பக்கவாட்டு வழிகளில் மேலே தள்ளப்படும். அதாவது கிராங்க் கேஸே ஒரு பம்ப். பம்ப்பில் ஓட்டை இருந்தால் என்ன ஆகும்? உறிஞ்சும்போது கார்புரேட்டர் வழியாக வரும் கலவையோடு, ஓட்டை வழியாக வெறும் காற்றும் உள்ளே வரும். அந்தக் காற்றில் பெட்ரோல் இல்லை, ஆயிலும் இல்லை. கலவை வறண்டு போகும். வறண்ட கலவை சூடாக எரியும். ஊருக்குள் நின்று நின்று போகும்போது இன்ஜின் அதைத் தாங்கிக்கொள்ளும். நெடுஞ்சாலையில் 20 நிமிடம் முழு ஆக்சிலேட்டரில் போனால் அலுமினிய பிஸ்டன், வார்ப்பிரும்புச் சிலிண்டரைவிட வேகமாக விரிந்து, சுவரில் உரசிப் பிடித்துக்கொள்ளும். சிறுகனூரும் பாடாலூரும் ஏன் திரும்பத் திரும்ப வந்தன என்பதற்கு இது பொருந்தியது.

பொருந்துவது மட்டும் போதாது, அளந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. இதற்கு முன் மூன்று பேர் அளக்காமல்தான் போர் பண்ணியிருக்கிறார்கள்.

இன்ஜினின் எல்லா வாயையும் அடைத்து, உள்ளே லேசாகக் காற்றை ஏற்றி, அது நிற்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. மிகக் குறைந்த அழுத்தம் போதும், 5 பிஎஸ்ஐ. அதற்கு மேல் போனால் தண்டைச் சுற்றி அடைக்கும் ரப்பர் வளையமான சீல், நல்லதாக இருந்தாலும் வெளியே தள்ளிக்கொள்ளும். டயருக்குக் காற்றடிக்கும் மீட்டரில் 5 என்பது முள் அசைகிற இடமே இல்லை. யோசித்துக்கொண்டிருந்தபோது அத்தைக்கு பிபி பார்க்கும் வட்ட மீட்டர் கண்ணில் பட்டது. 300 வரை கோடு போட்டிருக்கும். 5 பிஎஸ்ஐ என்பது பாதரச அளவில் ஏறக்குறைய 260. கையால் அழுத்தும் ரப்பர் பந்து, காற்றைத் திறந்துவிடும் திருகு எல்லாம் அதிலேயே இருக்கிறது. அத்தையிடம் கேட்டேன். "பத்தரமா குடுத்துரு தம்பி, வெள்ளிக்கிழமை பாக்கணும்" என்று கொடுத்தார்.

ஒரு பழைய பிளக்கின் பீங்கானைத் தட்டி எடுத்துவிட்டு, அதன் இரும்பு உடலில் ஒரு பித்தளைக் குழாயை எம்-சீல் வைத்துப் பொருத்தினேன். அதில் பிபி மெஷினின் குழாய். சைலன்சரைக் கழற்றி, அந்த வாய்க்கு லாரி டியூபில் வெட்டிய ரப்பரும் ஒரு இரும்புத் தகடும். கார்புரேட்டரைக் கழற்றி, அதன் ரப்பர் ஜாயிண்ட்டில் ஒரு மரத்தக்கையைச் செருகி கிளிப் போட்டேன். அந்த ஜாயிண்ட்டும் சோதனைக்குள் வர வேண்டும் என்பதால் அதைக் கழற்றவில்லை. பிஸ்டனை அடிமட்டத்துக்கு இறக்கினேன். அப்போதுதான் மேலும் கீழும் ஒரே அறையாகும்.

பந்தை அழுத்தி 260-க்கு ஏற்றினேன். முள் ஒரு நொடிகூட நிற்கவில்லை. 200, 150, 80. இருபது நொடியில் பூஜ்யம்.

சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷில் தொட்டு ஒவ்வொரு இணைப்பிலும் தடவினேன். ஹெட்டில் நுரை இல்லை. சிலிண்டர் அடியில் இல்லை. ரப்பர் ஜாயிண்ட்டில் இல்லை. இடது பக்க மூடியைத் திறந்து, மின்சாரம் தயாரிக்கும் மேக்னட்டைப் புல்லர் போட்டு இழுத்தேன். பின்னால் காய்ந்த சேறு ஒரு விரல் கனம். அதைத் துடைத்துவிட்டு, கிராங்க் தண்டைச் சுற்றியுள்ள ஆயில் சீலில் சோப்புத் தண்ணீரைத் தடவி மறுபடி ஏற்றினேன். தண்டைச் சுற்றி ஒரு பக்கமாக, இட்லி மாவு பொங்குவதுபோல் நுரை வந்தது. கூடவே 'ஸ்ஸ்' என்ற சத்தம். பக்கத்தில் நின்ற மாமா குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

வலது பக்க சீல் போயிருந்தால் கிளட்ச் பக்கத்து ஆயிலை இழுத்து வெள்ளையாகப் புகைத்துக் காட்டிக்கொடுத்திருக்கும். இடது பக்கம் ஆயில் இல்லாத பக்கம். அங்கே போனால் வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. பத்து வருடமாக அந்த வழியில் காற்று போய்க்கொண்டிருந்திருக்கிறது.

திறந்தபோது தெரிந்தவை

ஜப்பானிய வண்டிகளில் பிளஸ் தலை ஸ்க்ரூவின் குழி, நாம் சாதாரணமாக வைத்திருக்கும் ஸ்டார் ஸ்க்ரூடிரைவருக்குச் சரியாகப் பொருந்தாது. அது ஜிஸ் என்ற ஜப்பானியத் தர அளவு. நம்முடையதைப் போட்டுத் திருகினால் மேலேறி நழுவி, தலையைத் தின்றுவிடும். எனக்குத் தெரியாமல் முதல் இரண்டு ஸ்க்ரூவைக் கெடுத்தேன். அப்புறம்தான் ஜிஸ் பிட் வாங்கி, சுத்தியலால் தட்டினால் திரும்பும் இம்பாக்ட் டிரைவரில் போட்டு மீதியை எடுத்தேன். சிலிண்டர் ஸ்டட் ஒன்று பாதி துருவில் இருந்தது. இரண்டு நாள் ஆயில் விட்டு, சூடுகாட்டி, பொறுமையாக எடுத்தேன்.

பிஸ்டனின் தலையில் கார்பனைச் சுரண்டியபோது 0.75 என்ற எண் தெரிந்தது. ஆர்எக்ஸ் 100-இன் சிலிண்டர் விட்டம் 50 மி.மீ. பிஸ்டன் அதற்கு மேல் 0.25, 0.50, 0.75, 1.00 என நான்கு சைஸில் வரும். மூன்று முறை போர் பண்ணியாயிற்று. மிச்சம் ஒன்றே ஒன்று.

உரசல் தழும்பு பிஸ்டனின் முன்பக்கம், புகை வெளியேறும் வாய்க்கு நேராக இருந்தது. அதுதான் அதிகம் சூடாகும் பக்கம். தலையின் நிறம் வெளிறியிருந்தது. ஆயில் பம்ப் வேலை செய்யாமல் பிடித்திருந்தால் கீழே கிராங்க் பின்னும் பேரிங்கும் காய்ந்து, நீலம் பாய்ந்திருக்கும். அவை ஆயிலோடு பளபளப்பாக இருந்தன. இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. இன்ஜின் பிடித்தால் நம் ஊரில் முதல் பழி ஆயில் பம்ப்புக்குத்தான். "பம்ப்ப நம்பாதீங்க, கழட்டிட்டு பெட்ரோல்ல கலந்து ஊத்துங்க" என்று எல்லாரும் சொல்வார்கள். யமஹா இந்த ஆட்டோலூப் முறையை 1964-லேயே கொண்டுவந்தது. ஆக்சிலேட்டர் எவ்வளவு திறக்கிறதோ அதற்கேற்ப ஆயிலை அளந்து தரும் பம்ப் அது. இந்த வண்டியில் அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

கிராங்க் கேஸைப் பிளந்தேன். இரண்டு பாதியும் சேரும் விளிம்பில் சிவப்புப் பேஸ்ட். கம்பெனியில் அப்படிப் போட்டு வராது. அதாவது யாரோ ஒருமுறை உள்வரை போயிருக்கிறார்கள். இடது சீலும் பழையதாகத் தெரியவில்லை. மாமாவுக்கு நினைவு வந்தது: 2007-ல் "எல்லாத்தையும் மாத்தியாச்சு" என்று சொல்லிக் கூடுதலாகப் பணம் வாங்கியிருக்கிறார்கள். சரி, சீலை மாற்றியும் ஏன் 2009-ல் மறுபடி பிடித்தது?

விரல் நகத்தைத் தண்டின் மேல் மெல்ல ஓட்டியபோது ஓர் இடத்தில் சிக்கியது. சீலின் உதடு உட்காரும் இடத்தில், தண்டைச் சுற்றி மோதிரம் போட்டதுபோல் ஒரு பள்ளம். கண்ணுக்கு வெறும் கோடுபோலத்தான் தெரிகிறது. மேக்னட் மூடிக்குப் பேக்கிங்கே இல்லை. அந்த வழியாக மழைத்தண்ணீரும் வயல் சேறும் உள்ளே போய், மண் துகள் சீலின் உதட்டில் ஒட்டி, வருடக்கணக்கில் இரும்பைத் தேய்த்திருக்கிறது. புது சீல் போட்டாலும் அதன் உதடு அதே பள்ளத்தில்தான் போய் உட்காரும். ரப்பர் பதினைந்து ரூபாயோ ஐம்பது ரூபாயோ, பள்ளத்தை அது அடைக்காது.

லேத் பட்டறையில் எடுத்த முடிவு

பாலக்கரைப் பக்கம் கிராங்க் வேலை மட்டுமே செய்கிற ஒரு லேத் பட்டறை இருக்கிறது. அண்ணன் பள்ளத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். வெல்டிங் வைத்துக் கடைந்துவிடலாமா என்று கேட்டேன்.

"வேணாம் தம்பி. சூடு வச்சா தண்டு கோணும். சீல ஒரு மில்லி வெளிய தள்ளி ஒக்கார வைங்க. ஒதடு புது எடத்துல ஓடும். அவ்ளோதான் வேல."

இவ்வளவு எளிதான தீர்வு. பத்து வருடத்தில் யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் பள்ளத்தை யாரும் தேடவில்லை. போர் பண்ணுவதற்கு மேல்பாகத்தைக் கழற்றினால் போதும். கீழே போக வேண்டிய அவசியமே வராது.

கிராங்க்கைப் பிரஸ்ஸில் பிரித்து, புதுக் கனெக்டிங் ராடும் பின்னும் பேரிங்கும் போட்டு, மறுபடி சேர்த்தார். சேர்த்த பிறகு இரண்டு தண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்த்து, செம்புச் சுத்தியலால் ஒவ்வொரு தட்டாகத் தட்டிச் சரிசெய்தார். 0.03 மி.மீ.க்குள் வரும்வரை விடவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவர் கை வேலையை நின்று பார்த்தது இந்த ஒன்பது மாதத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம்.

சிலிண்டர் விஷயத்தில் இரண்டு வழி இருந்தது. புது லைனர் (சிலிண்டரின் உள்குழாய்) அடித்து, பழைய 50 மி.மீ.க்கே திரும்பலாம். அல்லது கடைசி சைஸுக்குப் போகலாம். லைனர் அடித்தால் பக்கவாட்டு வாய்கள் எல்லாம் பழைய இடத்திலேயே துல்லியமாக வர வேண்டும். கொஞ்சம் மேலே கீழே போனாலும் வண்டியின் குணமே மாறிவிடும். நான் கடைசி சைஸைத் தேர்ந்தெடுத்தேன். 51 மி.மீ. பிஸ்டன் என்றால் 98 சிசி 102 ஆகும், அது பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இன்னொரு முறை பிடித்தால் இந்தச் சிலிண்டருக்கு மறு சைஸ் கிடையாது. ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நம்பினால் மட்டுமே எடுக்கக்கூடிய முடிவு அது. மாமாவிடம் கேட்டேன். "நீதான் மீட்டர்ல பாத்தியே. போடு" என்றார்.

பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் 0.04 மி.மீ. இடைவெளி விட்டு போர் பண்ணி, ஹோனிங் கோடு (ஆயில் நிற்பதற்கான நுண்கீறல்) போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, சிலிண்டருக்குள் விரலை விட்டு வாய்களின் விளிம்பைத் தடவியது. கத்திபோல் கூர்மையாக இருந்தது. போர் பண்ணினால் அப்படித்தான் இருக்கும். அதைச் சாணைக்கல்லால் மழுக்காமல் மாட்டினால் ரிங் ஒவ்வொரு சுற்றிலும் அதில் இடித்து, ஒருநாள் உடையும். சின்ன அரத்தாலும் ஆயில் கல்லாலும் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து மழுக்கினேன். பட்டறையில் போர் பண்ணி வாங்குபவர்கள் தயவுசெய்து இதை விரலால் பாருங்கள்.

சீல் வாங்கியதிலும் ஒரு அடி வாங்கினேன். சென்னைக்குப் போனபோது ஒரு கடையில் அசல் பாக்கெட்டில் கொடுத்தார்கள். வீட்டில் பிரித்தால் உதட்டின் உள்ளே இருக்க வேண்டிய சுருள் கம்பி ஓரிடத்தில் வெளியே வந்திருந்தது. அப்புறம் சென்னை ஜி.பி. ரோட்டில் வேறு இடத்தில் விசாரித்து, சுருளும் உதடும் பார்த்து வாங்கினேன். சென்னையிலேயே புதுப்பேட்டையில் பழைய பாகங்கள் கிடைக்கும். மேக்னட் மூடியும் ஸ்பீடோமீட்டர் கூடும் அங்கேதான் எடுத்தேன். ஆனால் ரப்பரை மட்டும் பழையதாக வாங்கக் கூடாது.

சீலை ஒரு மில்லி வெளியே உட்காரவைத்து, கேஸை மூடி, சிலிண்டர் மாட்டி, மறுபடி பிபி மெஷின். 260. ஒரு நிமிடம் கழித்து 250. அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

எதை மாற்றினேன், எதை மாற்றவில்லை

என் தம்பி பின்பக்கச் சேஸிஸை வெட்டி, கஃபே ரேசர் (பழைய பந்தய வண்டி பாணி) ஆக்கலாம் என்றான். படம்கூட வரைந்து காட்டினான், அழகாகத்தான் இருந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றத் தடை சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், தயாரிப்பாளர் தந்த அமைப்பிலிருந்து விலகும்படி வண்டியை மாற்ற முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். 1996-க்குப் பிறகு இந்த வண்டியை யாரும் செய்யவில்லை. வெட்டியதை ஒட்டினாலும் அது வெட்டியதுதான். அதனால் எனக்கு ஒரு விதி வைத்துக்கொண்டேன்: ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கழற்றிப் பழையபடி ஆக்க முடிகிற மாற்றம் மட்டும்.

அந்த விதிக்குள் மூன்று வேலை செய்தேன். மாமாவுக்கு இப்போது 67 வயது, தோள்பட்டை வலி. ஹேண்டில்பாரை ஒன்றரை அங்குலம் உயரமானதாகப் போட்டேன். பழையது சாக்கில் சுற்றிப் பரணில் இருக்கிறது. சீட்டின் தகடு அசல். உள்ளே ஸ்பாஞ்ச் மட்டும் புதிது, முன்பக்கம் சற்றுக் குறுகலாக, கால் தரையில் எட்டும்படி. குஷன் கடைக்காரர் பழைய ரெக்சினையே அளவாக வைத்துத் தைத்தார்.

மூன்றாவது, விளக்கு. ஆர்எக்ஸில் ஹெட்லைட் மேக்னட்டிலிருந்து நேராக எரியும். மெதுவாகப் போனால் மங்கும், கத்தினால் பளிச்சிடும். இரவில் மாமாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. விளக்குச் சுருளின் ஒரு முனை மேக்னட் தகட்டில் எர்த் ஆகியிருக்கும். அதைச் சால்டரிங் எடுத்து, தனி வயராக வெளியே கொண்டுவந்து, இரண்டு முனையையும், மின்சாரத்தைச் சீராக்கிப் பேட்டரிக்கு அனுப்பும் ஒரு ரெகுலேட்டர் ரெக்டிஃபையருக்குக் கொடுத்தேன். இப்போது ஹெட்லைட் பேட்டரியிலிருந்து எரிகிறது, சிக்னலில் நின்றாலும் ஒரே வெளிச்சம். அந்த முனையைத் திரும்ப ஒட்டினால் பழையபடி ஆகிவிடும்.

சைலன்சரை மாற்றவில்லை. உள்ளே உள்ள குழாயை உருவி எறிந்துவிட்டு ஊரை எழுப்பிக்கொண்டு போகும் ஆர்எக்ஸ்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சர் இன்ஜினின் ஒரு பாகம். அது திருப்பி அனுப்பும் அழுத்த அலைதான், எரியாத கலவை வெளியே ஓடிவிடாமல் தடுக்கிறது. குழாயை எடுத்துக் கார்பனை எரித்துச் சுத்தம் செய்து, அதே இடத்தில் மாட்டினேன். முன் பிரேக்கும் டிரம்தான், புது ஷூவும் கேபிளும் போட்டதோடு சரி.

நிறத்தில் ஒரு ஆச்சரியம். வண்டி கறுப்பு. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து கறுப்பு. டேங்க்கின் யமஹா எழுத்தை எடுத்துவிட்டு அடியில் சுரண்டினால், கறுப்புக்குக் கீழே மயில் கழுத்து நீலம். பழைய ஆர்சி புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். நிறம் என்ற இடத்தில் நீலம் என்றே இருந்தது. 2001-ல் டேங்க் நசுங்கியபோது டிங்கர் வேலைக்குப் பின் கறுப்பு அடித்திருக்கிறார்கள். ஆக, நான் நீலம் அடித்தபோது வண்டி ஆர்சியோடு ஒத்துப்போனது. ஆர்சியைப் புதுப்பிக்கும் கட்டணம், இத்தனை வருடத் தாமதத்துக்கான கட்டணம், பசுமை வரி எல்லாம் கட்டி, ஆய்வாளர் முன் வண்டியைக் காட்டியபோது, நிறம் பற்றிய கேள்வியே எழவில்லை.

டேங்க்கின் உள்பக்கத் துருவுக்கு வினிகர். இரண்டு நாள் ஊறவைத்து, ஒரு கைப்பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்கி, சோடா உப்புத் தண்ணீரால் கழுவி, ஹேர் டிரையரால் உலர்த்தி, உடனே 2டி ஆயிலைச் சுற்றவிட்டேன். உடனே என்பது முக்கியம். முதல் தடவை சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று போனேன், திரும்பி வந்தபோது உள்ளே மெல்லிய ஆரஞ்சுப் படலம். மறுபடி முதலிலிருந்து.

மொத்தச் செலவு நோட்டில் 58,300 ரூபாய். அதில் கிராங்க், சிலிண்டர், பேரிங், சீல் எல்லாம் சேர்த்து 14,000-க்குள். பெயின்ட்டும் கிரோமும் மட்டும் 21,000. நோயைத் தீர்த்த சீலின் விலை அதில் ஒரு டீ செலவு அளவுகூட இல்லை.

சாலையில்

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஆயில் பம்ப்பில் உள்ள காற்றை எடுக்க வேண்டும். பம்ப்பில் அதற்கென்று ஒரு ஸ்க்ரூ உண்டு. அதைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் ஆயில் வரும்வரை விட்டேன். கேபிளைப் பம்ப்பில் உள்ள குறிக்கு நேராக வைத்தேன். அப்படியும் மனசு கேட்காமல், முதல் டேங்க் பெட்ரோலில் கொஞ்சம் ஆயிலும் கலந்தேன். காற்று மிச்சம் இருந்தால் புது பிஸ்டன் முதல் ஐந்து நிமிடத்திலேயே போய்விடும்.

மூன்றாவது உதையில் எடுத்தது. மாமாதான் உதைத்தார். சூடேறியதும் ஆக்சிலேட்டரைக் கொடுத்து விட்டார். சத்தம் ஏறிய வேகத்திலேயே இறங்கி, 'டொக் டொக்' என்று நிதானமாக நின்றது. மறுபடி கொடுத்து விட்டார். மறுபடி இறங்கியது.

"என்ன மாப்ள, ஒடனே எறங்கிருச்சு? பழைய வேகம் இருக்காதோ?"

அவர் முகம் கொஞ்சம் வாடிவிட்டது. இத்தனை வருடம் வண்டியின் குணம் என்று நினைத்தது அதன் மூச்சுத்திணறல் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஓட்டிப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். கொள்ளிடம் பாலம் வரை போய்வந்தார். திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

500 கிலோமீட்டர் பொறுமையாக ஓட்டினோம். அரை ஆக்சிலேட்டருக்கு மேல் போகவில்லை, ஒரே வேகத்தில் ரொம்ப நேரம் பிடிக்கவும் இல்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் டீத்தூள் பழுப்பு, கலவை சரி என்பதன் அடையாளம். சைலன்சரைக் கழற்றி, வாய் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். பிஸ்டனின் முன்பக்கத்தில் ஒரு கீறல் இல்லை. சிலிண்டர் சுவரில் ஹோனிங் கோடுகள் அப்படியே தெரிந்தன.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் சமயபுரம் தாண்டினோம். மாமா ஓட்ட, நான் பின்னால். சிறுகனூர் வந்ததும் அவர் முதுகு விறைத்தது எனக்குத் தெரிந்தது. இடது கை கிளட்ச்சின் மேலேயே இருந்தது. பழக்கதோஷம், எப்போது பிடித்தாலும் உடனே அழுத்த வேண்டுமே. பாடாலூர் போர்டு தெரிந்தது. அதைத் தாண்டியும் மூன்று கிலோமீட்டர் போனபிறகுதான் அந்த விரல்கள் கைப்பிடிக்குத் திரும்பின. ஒரு கடையில் நிறுத்தி டீ குடித்தோம். அவர் இன்ஜினின் மேல் கையைக் காட்டி, தொடாமல், சூட்டை மட்டும் பார்த்தார்.

1000 கிலோமீட்டர் ஆனதும் கடைசியாக ஒரு முறை எல்லா வாயையும் அடைத்துச் சோதித்தேன். மேக்னட் மூடிக்கு இப்போது என் கையால் வெட்டிய பேக்கிங் இருக்கிறது, உள்ளே ஒரு துளி மண் இல்லை. பந்தை இந்த முறை மாமாவே அழுத்தினார். 260-ல் திருகை மூடி, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு நிமிடத்தில் முள் 245. அவர் குழாயை உருவி, மீட்டரை வேட்டி முனையால் துடைத்து, உறையில் போட்டு அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.